பார்க் ஸ்டேஷன் இருக்கு, பார்க் எங்கே?
உயிர் காலேஜ் சொல்லும் பாடம்

தாம்பரத்தில் பீச் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் தினமும் ஏராளமானோர் இறங்குகிறார்கள். "அது சரி, பார்க் எங்கே சார்?" என்று கேட்டால் பலர் முழிப்பார்கள்!

அங்கே உண்மையிலேயே பார்க் இருந்தது. 1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன் காலத்தில் உருவான 'பீப்பிள்ஸ் பார்க்', 116 ஏக்கர். எழும்பூர் மியூசியத்தில் 1855-ல் பால்ஃபர் துரை தொடங்கிய மிருகக்காட்சி சாலை, 1860-களில் இங்கே குடியேறியது. சென்னைவாசிகள் வைத்த பெயர் 'உயிர் காலேஜ்'.

விழுங்கிய கட்டடங்கள்

1880-களில் விக்டோரியா பப்ளிக் ஹால். 1900-ல் மூர் மார்க்கெட். 1913-ல் ரிப்பன் மாளிகை. பிறகு ஸ்டேடியம். ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டிய கட்டடம்தான். ஆனால் கூட்டிப் பார்த்தால் பார்க்கைக் காணோம்! 'மை லேடி' பூங்கா மட்டும் கொஞ்சம் மிச்சம்.

நெரிசல் தாங்காமல் உயிர் காலேஜ் வண்டலூர் காட்டுக்கு இடம் மாறியது. 1985 ஜூலை 24-ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். பரப்பு 602 ஹெக்டேர். ஏறத்தாழ 1,500 ஏக்கர்.

வண்டலூரில் எப்படிக் கட்டுவது?

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு டிக்கெட் கவுண்ட்டர், குடிதண்ணீர், கழிப்பறை, வெயிலுக்கு ஒதுங்க நிழல் எல்லாம் வேண்டும். ஆகவே பார்வையாளர் கூடம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எங்கே, எப்படி என்பதுதான் கேள்வி.

2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டது. இனி கட்டடத்துக்காக ஒரு மரம்கூடப் போகக் கூடாது. வாசல் பக்கம் ஏற்கெனவே சிமெண்ட் போட்ட இடத்திலேயே கட்டலாம். உயரம் மரத்துக்குக் கீழே இருக்கட்டும். நாட்டு ஓடு, அகலமான தாழ்வாரம், நடுவில் முற்றம் என்று நம்ம ஊர் பழைய வீட்டு அமைப்பே போதும். காற்று தானாக வரும், ஏ.சி. செலவு மிச்சம். மின்சாரத்துக்கு சூரிய ஒளி.

மழைத் தண்ணீரையும் விடக் கூடாது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி கூரையிலிருந்து, சேதாரம் போக 1 லட்சம் லிட்டர் தேறும். கழிப்பறைத் தண்ணீரைச் சுத்தம் செய்து செடிகளுக்கு விடலாம்.

கூடம் சின்னதாக இருக்கிறதே என்று யாரும் கோபிக்கப் போவதில்லை. ஜனங்கள் டிக்கெட் வாங்குவது புலியையும் மரத்தையும் பார்க்க!