புதுத் துப்பாக்கி ஏன் சிக்கிக்கொள்கிறது?

வத்தானியா சேமப்படையிலோ, காவல்துறையிலோ, இராணுவத்திலோ உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் இருந்தால், சுடும் பயிற்சிக் கதையைக் கேட்டிருப்பீர்கள். முதல் மூன்று குண்டுகள் ஒழுங்காகப் போயின. நாலாவதுக்கு விசையை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். பயிற்சித் திடலில் இது கையைத் தூக்கிச் சார்ஜனைக் கூப்பிட வேண்டிய சங்கடம். காட்டில், எதிரில் ஆள் இருக்கும்போது, உயிர் போகும் விஷயம். துப்பாக்கி பழசாகி இப்படி நடந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த புதுத் துப்பாக்கிதான் அதிகம் சிக்குகிறது என்று பலரும் சொல்கிறார்கள். இதற்குக் காரணம் உண்டு.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அவசரகாலம் தொடங்கிய 1948இல் நம் தோட்டப்புறங்களைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் கையில் இருந்தது லீ என்ஃபீல்டு. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் பின்னே இழுத்து, முன்னே தள்ள வேண்டும். மண்ணோ துருவோ இருந்தால் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தால் போதும். தேவைக்கேற்பக் கை தன் பலத்தைக் கூட்டிக்கொள்ளும்.

அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இந்த வேலையைக் கை செய்வதில்லை. குண்டு குழலில் ஓடும்போது, அதைத் தள்ளும் வாயுவில் ஒரு சிறு பங்கு பக்கத் துளை வழியாகத் திருப்பப்படுகிறது. அந்த வாயுதான் போல்ட்டைத் திறந்து, வெற்று உறையைப் பிடுங்கி வெளியே எறிந்து, ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கிறது. ஸ்பிரிங் திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளி அறைக்குள் பூட்டுகிறது. எல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிகிறது. இதற்குக் கிடைக்கும் ஆற்றல் அளந்து கொடுக்கப்பட்டது. உராய்வு கூடினால் அதைக் கூட்டித் தர ஆளில்லை.

புதுத் துப்பாக்கியின் பிரச்சினை இங்கேதான். அதன் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று உரசி இன்னும் வழவழப்பாகவில்லை. ஸ்பிரிங்குகள் விறைப்பாக இருக்கும். போதாக்குறைக்கு, கப்பலில் வரும்போது துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் தடவிய கெட்டி மசகு அறைக்குள்ளும் போல்ட்டின் இடுக்குகளிலும் ஒட்டியிருக்கும். அதைக் கரைப்பானால் முழுவதும் துடைத்தெடுத்து, மெல்லிய எண்ணெய் பூசிய பிறகுதான் முதல் தோட்டாவைப் போட வேண்டும். மேலே பளபளவென்று இருக்கிறதே என்று இந்த வேலையைத் தவிர்ப்பவர்கள் பலர். சிக்கலில் பாதி இதனால் வருவது.

ஜோகூருக்கும் இந்தப் பாடத்துக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. பிரிட்டிஷார் கோத்தா திங்கி வட்டாரத்தில் காட்டுப்போர்ப் பள்ளி ஒன்றை நடத்தினார்கள். இன்று மலேசியத் தரைப்படையின் 'புலாடா' பயிற்சி மையம் உலு திராமில் இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் படையின் புதுத் துப்பாக்கியாக வந்தது எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தில் வடிவமைக்கப்பட்ட எஃப்.ஏ.எல். துப்பாக்கியின் பிரிட்டிஷ் வடிவம் அது. விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டும். இந்தியாவின் இஷாப்பூரிலும் இதே குடும்பத்துத் துப்பாக்கியைச் செய்தார்கள். தமிழ்நாட்டுப் போலீஸ்காரர்களின் தோளில் பல ஆண்டுகள் தொங்கியது அதுதான்.

இந்தத் துப்பாக்கியில் ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு இருந்தது. குழலின் மேல் ஒரு சிறு வளையம். அதைத் திருகினால் பிஸ்டனுக்குப் போகும் வாயுவைக் கூட்டலாம், குறைக்கலாம். புதுத் துப்பாக்கி கைக்கு வந்ததும் வீரர் முதலில் வாயு முழுவதும் வீணாக வெளியேறும்படி வளையத்தைத் திறந்து வைப்பார். ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டுக்கொண்டே, வெற்று உறை தடுமாறாமல் தெறித்து விழும் நிலை வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மூடுவார். அதற்குமேல் இரண்டொரு பல் கூடுதலாக மூடி வைப்பார். அந்தக் கூடுதல், அழுக்கு சேரும் நாளுக்கான கையிருப்பு. முழுவதும் மூடிவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. வாயு கூடினால் போல்ட் அடித்துக்கொண்டு பின்னே போகும்; பாகங்கள் சீக்கிரம் தேயும்; வேறொரு ஆபத்தும் உண்டு.

அந்த ஆபத்தைப் புரிந்துகொள்ளப் பித்தளை உறையைப் பார்க்க வேண்டும். வெடிக்கும் கணத்தில் அறைக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் உள்ளதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் உறை வீங்கி அறையின் சுவரோடு அப்பிக்கொள்ளும். வாயு பின்பக்கமாக உங்கள் முகத்துக்கு வராமல் அடைப்பது அதுதான். குண்டு குழலை விட்டுப் போனதும் அழுத்தம் விழும், பித்தளை சுருங்கிச் சுவரை விடும். அதற்குப் பிறகு இழுத்தால் உறை வழுக்கிக்கொண்டு வரும். அதற்கு முன்பே போல்ட் அவசரப்பட்டு இழுத்தால் உறை வராது. அதன் விளிம்புதான் பிய்ந்து வரும்.

வியட்நாமில் எம்-16க்கு நடந்தது இதுவே. 1960களின் நடுவில் அமெரிக்க வீரர்கள் சிலர், சிக்கிய உறையை எடுக்கத் துப்பாக்கியைப் பிரித்த நிலையிலேயே பிணமாகக் கிடந்தார்கள். துப்பாக்கியை வடிவமைத்தபோது பயன்படுத்திய வெடிமருந்துக்குப் பதிலாக வேறு வகை மருந்தை இராணுவம் தோட்டாக்களில் நிரப்பியிருந்தது. அது வாயுத் துளையில் அழுத்தத்தைக் கூட்டியது. போல்ட் முன்கூட்டியே திறந்தது. கரியும் அதிகம் படிந்தது. அறைக்குக் குரோமிய முலாம் இல்லாததால் ஈரக் காற்றில் துருக்குழிகள் விழுந்தன. அந்தக் குழிகள் உறையைக் கவ்விக்கொண்டன. இது தானே சுத்தம் செய்துகொள்ளும் துப்பாக்கி என்ற பேச்சைப் பரப்பிவிட்டு, துடைக்கும் கருவிகளைப் போதுமான அளவு அனுப்பவே இல்லை. 1967இல் விசாரித்த அமெரிக்கக் காங்கிரஸ் குழு, இதைக் குற்றத்துக்கு நெருக்கமான அலட்சியம் என்ற பொருளில் கண்டித்தது. பிறகு அறைக்கு முலாம் வந்தது, துடைக்கும் பெட்டி வந்தது, புகழ்பெற்ற ஓவியர் வில் ஐஸ்னர் வரைந்த சித்திரக்கதைக் கையேடும் வந்தது. என்னைக் கேட்டால், படித்தவர் மனதில் நின்றது அந்தச் சித்திரக் கையேடாகத்தான் இருக்கும்.

திருச்சிராப்பள்ளி தொழிற்சாலையிலும் தயாரான இன்சாஸ் துப்பாக்கிக்கு நேர்மாறான சோதனை. 1999 கார்கில் போரில், மலை உச்சியின் உறைபனியில் அது சிக்கியதாகவும் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதாகவும் புகார் எழுந்தது. நமக்குப் பனி கிடையாது. நமக்கு ஈரம்.

குளிர்சாதனம் ஓடும் அறை 20 பாகையில் இருக்கிறது என்று வையுங்கள். அங்கிருந்து துப்பாக்கியை ஜோகூர்க் காலைக்கு வெளியே கொண்டுவந்தால், மூக்குக் கண்ணாடி பனிப்பதைப்போல உலோகம் முழுவதும் வேர்க்கும். வெளியே மட்டுமல்ல, குழலுக்குள்ளும் அறைக்குள்ளும். உடனே உறைக்குள் போட்டு மூடினால் பஞ்சும் தோலும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும். வெளிச்சூட்டுக்கு உலோகம் வரும்வரை காத்திருந்து, துணியால் துடைத்து, பிறகு எண்ணெய் பூசுங்கள். எண்ணெய் மெல்லியதாக இருக்கட்டும். வழிய வழிய ஊற்றினால் அது மண்ணையும் கரியையும் குழைத்து அரைக்கும் சாந்தாகிவிடும். தோட்டாவுக்கு எண்ணெயே கூடாது. வழுக்கும் உறை சுவரைப் பிடிக்காது. முழு அடியும் போல்ட்டின்மேல் விழும்.

ஆற்றைக் கடந்த பிறகு இன்னொரு கவனம். 5.56 மில்லிமீட்டர் குழல் உறிஞ்சுகுழாய் மாதிரி. மேல்முனையை விரலால் மூடிய உறிஞ்சுகுழாயில் தண்ணீர் நிற்பதுபோல, போல்ட் மூடியிருக்கும்வரை குழலைக் கவிழ்த்தாலும் நீர் இறங்காது. அப்படியே சுட்டால் குழல் பிளக்கலாம். வாயைக் கீழே சாய்த்து, கைப்பிடியைச் சில அங்குலம் இழுத்தால் பின்னாலிருந்து காற்று புகும், நீர் வழிந்துவிடும்.

சரி, சிக்கிவிட்டது, என்ன செய்வது? பயிற்சித் திடலில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்: விரலை விசையிலிருந்து எடு, குழல் வாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், பயிற்றுநரைக் கூப்பிடு. அழுத்தியும் வெடிக்காவிட்டால் 30 நொடி அசையாமல் காத்திரு. மருந்து தாமதமாகப் பற்றும் தோட்டாக்கள் உண்டு. பிறகு மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, அறைக்குள் கண்ணால் பார். வெற்று உறை வாசலில் செங்குத்தாக நின்றால் வாயு போதவில்லை அல்லது பிடுங்கும் கொக்கி தேய்ந்திருக்கிறது. இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக நெருக்கினால் பெரும்பாலும் மேகசினின் உதடுகள் வளைந்திருக்கும், அல்லது முன் உறை அறையிலேயே தங்கியிருக்கும். போல்ட் முழுதாக மூடவில்லை என்றால் அடித்துத் தள்ளாதே. அழுக்கா, நசுங்கிய தோட்டாவா என்று பார்.

வழக்கமான வெடிக்குப் பதில் 'புஸ்' என்று ஒரு மெல்லிய சத்தம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். இந்த நேரத்தில் கைப்பழக்கத்தில் போல்ட்டை இழுத்து அடுத்ததைச் சுட்டவர்களின் குழல்தான் வாழைப்பழத் தோல்போல உரிந்திருக்கிறது.

மேகசின்களுக்கு எண் போட்டு வையுங்கள். அதிகம் கீழே விழுவதும் மிதிபடுவதும் அந்தத் தகரப் பெட்டிதான். ஒரே எண் இரண்டு முறை சிக்கினால், துப்பாக்கியைப் பிரிப்பதற்கு முன் அந்த மேகசினை ஓரமாக எடுத்துவைத்து வேறொன்றைப் போட்டுப் பாருங்கள்.