ரொட்டி மேலே ஆலங்கட்டி மழை!



காலை டிபனுக்கு சாக்லேட் கேட்டால் நம்ம வீட்டில் என்ன கிடைக்கும்? திட்டுதான் கிடைக்கும். ஆனால் நெதர்லாந்து நாட்டில், அதாவது நாம் ஹாலந்து என்று சொல்லும் நாட்டில், அம்மாவே எடுத்துத் தட்டில் போடுவார். பிள்ளைக்கு மட்டுமா? அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதேதான்! ஒரு துண்டு ரொட்டி, அது மேல வெண்ணெய், அதுக்கும் மேல சாக்லேட் துகள்களை மழை மாதிரி தூவி, ஒரு கடி. பெயர் 'ஹாகல்ஸ்லாக்'. டச்சு மொழியில் ஆலங்கட்டி மழை என்று பொருள்.

பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1919-ல் வென்கோ என்ற மிட்டாய்க் கம்பெனியின் டீபரிங்க் என்பவர், வெளியே ஆலங்கட்டி கொட்டுவதைப் பார்த்துவிட்டு, சோம்பு மணக்கும் வெள்ளைச் சர்க்கரைத் துகளைச் செய்தாராம். சாக்லேட் துகள் வந்தது 1936-ல், வென்ஸ் கம்பெனியிலிருந்து. ஒரு சின்னப் பையன் கடிதம் போட்டுக் கேட்டதால்தான் செய்தார்கள் என்றும் சொல்வதுண்டு.

சரி, நாமெல்லாம் டெக்னிக்கல் ஆளுங்க. இதை எப்படிச் செய்யறாங்க? இடியாப்ப உரலை நினைச்சுக்குங்க. சர்க்கரை, கொக்கோ, கொழுப்பு சேர்த்த கூழைச் சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள தகடு வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். நூல் நூலாக வந்து கன்வேயர் பெல்ட்டில் விழுகிறது. இறுகியதும் துண்டு துண்டாக உடைத்து, சுழலும் டிரம்மில் போட்டு மேலே மெல்லிய பளபளப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். அந்தப் பூச்சுதான் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. அப்புறம் வெண்ணெய் எதுக்கு? ருசிக்கு மட்டுமில்லீங்க, அதுதான் பசை! வெண்ணெய் இல்லாவிட்டால் துகளெல்லாம் உருண்டு மடியில்தான் விழும்.

இந்தத் தொழில் அங்கே வேரூன்றக் காரணமும் ஒரு மெஷின்தான். 1828-ல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வான் ஹூட்டன் குடும்பம், கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது. தூள் தனி, கொழுப்பு தனி என்று பிரிந்த பிறகுதான் மலிவான சாக்லேட்டுக்கு வழி பிறந்தது. இன்று உலகிலேயே அதிகமாகக் கொக்கோ வந்து இறங்கும் துறைமுகம் ஆம்ஸ்டர்டாம்.

பெயருக்குச் சட்டக் காவலும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி, சாக்லேட் துகள் என்று பெட்டியில் போட வேண்டுமானால் குறைந்தது 32 சதவீதம் கொக்கோப் பொருள் இருக்க வேண்டும். குறைந்தால் நெதர்லாந்தில் 'கொக்கோ ஃபேன்டசி' என்றுதான் போடணும். கலப்படத்துக்குச் செல்லமாக ஒரு பெயர்!

கொக்கோ எவ்வளவு இருக்கு என்று சட்டம் கேட்கிறது. அதை யார் பறித்தார்கள் என்று கேட்க ஆள் வேண்டாமா? ஹாலந்தில் ஒரு கொக்கோ மரம்கூட வளராது. அது வெப்ப நாட்டு மரம். பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைகிறது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2018-19 பருவத்தில் அந்த இரண்டு நாட்டிலும் சேர்த்துக் கொக்கோ வேலையில் இருந்த குழந்தைகள் சுமார் 15.6 லட்சம்! ஒரு குழந்தை ஆசையோடு தூவிக்கொள்ளும் துகளுக்காக இன்னொரு குழந்தை கத்தி பிடித்துக் காய் வெட்டுகிறது.

இதைக் கேட்டுக் கொதித்தவரும் ஒரு டச்சுக்காரர்தான். டேன் வான் டெ கேக்கன் என்ற பத்திரிகையாளர் சாக்லேட்டைத் தின்றுவிட்டு, "குற்றத்துக்கு நானும் உடந்தை, என்னைத் தண்டியுங்கள்" என்று சட்டத்தின் முன் போய் நின்றார்! தண்டனை கிடைக்கவில்லை. ஆனால் 2005-ல் அடிமை உழைப்பு இல்லாத சாக்லேட் என்ற குறிக்கோளோடு 'டோனிஸ் சாக்கலோன்லி' என்ற பெயரில் தாமே விற்கத் தொடங்கினார்.

நாளைக்கு நாமும் ஏதோ ஒரு தொழிற்சாலையில், ஏதோ ஒரு மெஷின் முன்னாடி நிற்கப் போகிறோம். ஒரு பொருளை எப்படிச் செய்யறதுன்னு கேட்கிறது பாதிப் படிப்பு. உள்ளே வர்ற சரக்கு யார் கைபட்டு வந்ததுன்னு கேட்கிறது மீதிப் படிப்பு. இரண்டையும் படிப்போம், நண்பர்களே!