ஓமந்தூராரும் குடியானவரின் பட்டாவும்

சங்கத்தில் பயிர்க்கடன் கோரி வரும் அங்கத்தினரிடம் முதலில் கேட்கப்படுவது சிட்டாவும் அடங்கல் நகலுமாகும். இவற்றைச் சர்வசாதாரணமான காகிதங்களாகவே நாம் கருதுகிறோம். ஆனால் உழுபவன் பெயரில் சர்க்கார் கணக்கில் நேரடியாக நிலம் பதிவாவது, நம் மாகாணத்தின் பல பகுதிகளில் 75 ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை இல்லாத ஓர் உரிமை. அதைப் பெற்றுத் தந்த சட்டத்தை நிறைவேற்றிய மந்திரிசபைக்குத் தலைமை வகித்தவர் நம் மாவட்டத்துக்காரர். மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம் பகுதி அங்கத்தினர்கள் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி, வேளாண்மைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஓ. பி. இராமசாமி ரெட்டியார். ஊர்ப் பெயரே அவருக்குப் பெயராகி, மக்கள் அவரை ‘ஓமந்தூரார்’ என்றே அழைத்தனர். காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர்; வள்ளலார் நெறியில் ஆழ்ந்த பற்றுடையவர். 1947-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரகாசம் அவர்களின் மந்திரிசபை வீழ்ந்தபோது, சட்டசபைக் காங்கிரஸ் கட்சி இவரைத் தலைவராகத் தேர்ந்தது. மார்ச்சு 23-ஆம் தேதி சென்னை மாகாண முதன்மை மந்திரியானார். நாடு விடுதலை பெற்ற நாளன்று இம்மாகாணத்தின் பொறுப்பு ஒரு கிராமத்துக் குடியானவரின் கையில் இருந்தது.

அவர் பதவியில் இருந்தது இரண்டு ஆண்டுகளும் சில நாட்களுமே. அக்குறுகிய காலத்திற்குள், எல்லா வகுப்பு இந்துக்களுக்கும் கோயில் நுழைவுரிமை அளிக்கும் சட்டமும், பெண்களைத் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டமும் 1947-இல் நிறைவேறின. அமாவாசை இரவில் அங்காளம்மன் சன்னிதியில் திரளும் பெருங்கூட்டத்தைக் காண்போர், அங்கே நிற்பது எவருக்கும் சட்டம் காக்கும் உரிமை என்பதை நினைவிற் கொள்ளலாம். 1948 அக்டோபர் 2-ஆம் தேதி மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. பாரதியார் பாடல்களின் உரிமையை அரசே பெற்றது 1949-இல்.

எனினும் குடியானவர்க்கு நேரே பயன் தந்தது ஜமீன் ஒழிப்புச் சட்டமே. அதன் செயல்முறையைச் சிறிது விளக்குவோம்.

1802-ஆம் ஆண்டின் நிரந்தர ஒப்பந்தப்படி, ஜமீன்தார் சர்க்காருக்கு ‘பேஷ்குஷ்’ என்னும் நிலையான தொகையைச் செலுத்தினால் போதும். கிராமங்களில் குத்தகை வசூலிக்கும் உரிமை அவருடையது. ரயத்துவாரிக் கிராமத்திலோ, குடியானவர் சர்க்காருக்கே தீர்வை செலுத்திப் பட்டா பெற்றார். 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்குச் சாகுபடி உரிமையை உறுதி செய்தது. ஆயினும் இடையில் ஜமீன்தார் நீடித்தார். பக்கத்து ரயத்துவாரித் தீர்வையைவிட ஜமீன் குத்தகை மிகுதியாய் இருந்த இடங்கள் பல.

ஓமந்தூரார் மந்திரிசபை இதை இரண்டு படிகளாக அணுகியது. முதலாவதாக, 1947-இல் குத்தகைக் குறைப்புச் சட்டம். இது ஜமீன் குத்தகையை அண்டை ரயத்துவாரித் தீர்வையின் அளவை ஒட்டிக் குறைக்க வழி செய்தது. இரண்டாவதாக, 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம். வருவாய் மந்திரி கலா வெங்கட்டராவ் பொறுப்பில் இம்மசோதா சட்டசபையில் நடத்தப்பட்டது. இதன்படி, அறிவிக்கப்பட்ட நாளில் எஸ்டேட் முழுவதும் சர்க்காரைச் சேர்ந்துவிடும். குடிகள் தம் சாகுபடி நிலத்திற்கு ரயத்துவாரிப் பட்டா பெறலாம். ஜமீன்தார் தம் சொந்தப் பண்ணை நிலத்தை வைத்துக் கொள்ளலாம். நஷ்ட ஈடு படிமுறையாய் அமைந்தது: மிகச் சிறிய எஸ்டேட்டுக்குக் கணக்கிட்ட ஆண்டு வருமானத்தின் 30 மடங்கு, மிகப் பெரியதற்குப் பன்னிரண்டரை மடங்கு. இராமநாதபுரம், சிவகங்கை போன்ற பெரிய ஜமீன்களும் இச்சட்டத்தால் முடிவுற்றன.

குறைகளும் உண்டு. சாகுபடி உரிமை பெற்றிருந்த குடிகளுக்கே பட்டா கிடைத்தது. வாரத்திற்கு உழுதவருக்கும் கூலியாட்களுக்கும் இச்சட்டம் நிலம் தரவில்லை. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இலும், சிறு இனாம்களின் ஒழிப்பு 1963-இலுமே வந்தன.

கட்சிக்குள் எதிர்ப்பு வலுத்தபோது, ஓமந்தூரார் 1949 ஏப்ரல் 6-ஆம் தேதி பதவியை விட்டு நீங்கினார். குமாரசாமி ராஜா முதன்மை மந்திரியானார். பின்னர் ஓமந்தூரார் வடலூர் சென்று, அங்கே ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்தையும் கல்விப் பணியையும் பேணி வாழ்ந்து, 1970 ஆகஸ்டு 25-ஆம் தேதி மறைந்தார். சென்னையில் அவர் பெயர் தாங்கிய வளாகத்தில் சட்டசபைக்கென எழுந்த கட்டடம், 2014 முதல் ஏழைகளுக்குச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையாக விளங்குகிறது.

இனி நம் கடமைக்கு வருவோம். சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லும் இடங்களில் நாம் அடிக்கடி காண்பது ஒன்று. நிலத்தை உழுபவர் பேரன். பட்டாவோ மறைந்த பாட்டனார் பெயரில். பாகம் பிரிந்து ஆண்டுகள் பல ஆகியும் பெயர் மாற்றம் நடக்கவில்லை. விதைப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் கடன் மனு திரும்புகிறது. அவர் வட்டிக்காரரிடம் செல்கிறார். இடையில் நின்ற ஜமீன்தாரைச் சட்டம் அகற்றியது. ஆனால் நம் அசட்டையால் இடையில் வந்து நிற்கும் வட்டிக்காரரை எந்தச் சட்டசபையும் அகற்ற இயலாது.

ஆகவே அங்கத்தினர்கள், நெசவாளர்களாயினும் பயிரிடுவோராயினும், வீட்டிலுள்ள பட்டாவை இம்மாதமே எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். யார் பெயரில் உள்ளது, சர்வே எண்ணும் பரப்பும் சரியா என்று ஒப்பிடுங்கள். மாறுபாடு இருப்பின், வாரிசுச் சான்று, பாகப் பத்திரம் ஆகியவற்றுடன் வட்டாட்சியர் அலுவலகத்தில் பெயர் மாற்றத்திற்கு மனுச் செய்யுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்க்குச் சங்கக் காரியதரிசி உதவுவாராக. மனு அளித்த ரசீதைப் பத்திரமாய் வைத்திருங்கள். அடுத்த பருவத்திற்கு முன் பட்டா உங்கள் பெயரில் வந்து சேரட்டும்.