ஏர்போர்ட் லவுஞ்ச்: அம்மாவுக்கும் ஒரு நாற்காலி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பையர் மீட்டிங் என்று மாதம் ஒரு முறையாவது டெல்லிக்கோ மும்பைக்கோ போக வேண்டியிருக்கும். எங்களுக்கு விமானம் என்றால் கோவைதான். அவிநாசி ரோட்டில் சித்ரா ஸ்டாப்பில் இறங்கினால், பீளமேடு ஏர்போர்ட் பக்கம்.

இரண்டு வருடம் முன்பு, டெல்லியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். செக்யூரிட்டி முடித்ததும் லவுஞ்சுக்கு அழைத்துப் போனேன். "உங்க கார்டுக்கு ஒருத்தர்தான் சார். அம்மாவுக்குத் தனியாப் பணம் கட்டணும்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். தொகை ஆயிரத்தை ஒட்டி இருந்தது. அம்மா கேட்டதும் திரும்பிவிட்டார். "நாலு இட்லிக்கு ஆயிரமா? நீ போயிட்டு வா சாமி, நான் இங்கயே உட்கார்ந்துக்கறேன்." நானும் உள்ளே போகவில்லை. குறை லவுஞ்சிடம் இல்லை. விதி தெரியாமல் போனது நான்.

லவுஞ்ச் என்றால் பெரிய மனிதர்களுக்கானது என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1939-ல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அட்மிரல்ஸ் கிளப்தான் உலகின் முதல் விமான நிறுவன லவுஞ்ச். அழைப்பு பெற்றவர்கள் மட்டுமே அதில் நுழைய முடிந்தது. இன்று நம் ஊரில் நுழைவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பேங்க் கார்டுதான். கிரெடிட் கார்டு மட்டுமல்ல, ரூபே பிளாட்டினம் போன்ற சில டெபிட் கார்டுகளுக்கும் அந்த வசதி உண்டு.

போர்டிங் பாஸையும் கார்டையும் கொடுத்தால் மிஷினில் தேய்ப்பார்கள். கார்டைச் சரிபார்க்க 2 ரூபாயோ 25 ரூபாயோ பிடிப்பார்கள். நாம் சாப்பிடும் சாப்பாட்டுக்கு பேங்க், ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று லவுஞ்சுக்குக் கொடுக்கிறது. கூட்டம் பெருகியதும் பேங்குகளின் செலவு ஏறியது. அதனால்தான் 2024 முதல் பல கிரெடிட் கார்டுகளுக்கு நிபந்தனை வந்தது. முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு ரூபாய் செலவழித்திருந்தால்தான் நுழைவு என்கிறார்கள். லவுஞ்சுக்காக வேண்டாத பொருளை வாங்காதீர்கள். கணக்கு நமக்கு நட்டம்.

கோவை மாதிரி ஊரில் உள்ளே என்ன இருக்கும்? டெல்லி, பெங்களூரு லவுஞ்சுகளை மனதில் வைத்துப் போகாதீர்கள். குளியலறை, படுக்கை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். சோபா, குளிர்சாதனம், சார்ஜ் போட பிளக், வைஃபை இருக்கும். காலையில் இட்லி, பொங்கல், சாம்பார், பிரெட், பழம், மிஷின் காபி என்று நாமே எடுத்துச் சாப்பிடலாம். இரண்டு மூன்று மணி நேரம் வரை இருக்கலாம். அதிகாலையில் அடுத்தடுத்து விமானங்கள் கிளம்பும்போது நாற்காலிக்குக் காத்திருக்க நேரும். காலை பதினொரு மணியைத் தாண்டிப் போனால் நிம்மதியாக உட்காரலாம்.

ஒன்றை மறக்கவே கூடாது. அழைப்பு அறிவிப்பு உள்ளே கேட்கும் என்று நம்பி உட்காராதீர்கள். விமானம் கிளம்ப 25 நிமிடம் இருக்கும்போதே கேட்டை மூடிவிடுவார்கள். நான் ஒரு மணி நேரம் முன்பாக போனில் அலாரம் வைத்துக்கொள்வேன்.

கார்டு இல்லாதவர்களுக்கும் இப்போது சில இடங்களில் வழி பிறந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் 'உடான் யாத்ரி கஃபே' என்ற மலிவு விலை உணவகத்தைத் திறந்தார்கள். டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். எல்லா ஊர் ஏர்போர்ட்டுக்கும் இது வர வேண்டும்.

டெல்லியிலிருந்து திரும்பியதும் அம்மாவின் பென்ஷன் கணக்கு இருக்கும் பேங்குக்குப் போனோம். பழைய டெபிட் கார்டைக் கொடுத்துவிட்டு ரூபே பிளாட்டினம் வாங்கினோம். அடுத்த பயணத்தில் அம்மா தன் கார்டைத் தானே நீட்டினார். இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் அரை மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

வயதானவர்களோடு பயணம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்பும் முன் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் போகும் ஏர்போர்ட் இந்தக் கார்டின் பட்டியலில் இருக்கிறதா? இந்தக் காலாண்டில் எனக்கு நுழைவு மிச்சம் இருக்கிறதா? கூட வருபவருக்கும் சேர்த்து உண்டா? மூன்றாவது கேள்வியை நான் அன்றைக்கே கேட்டிருந்தால், அம்மா முதல் தடவையே சூடாகச் சாப்பிட்டிருப்பார்.