முப்பத்தாறு படமும் ஒரு ரப்பர் வளையமும்

பிலிம் காலத்தில் கடலுக்கடியில் படம் எடுத்தவர்கள் பலரின் கையில் இருந்தது நிக்கோனாஸ். பெல்ஜியத்துக்காரரான ழான் தெ வூத்தர், ழாக் கூஸ்தோவுக்காக வடிவமைத்த காலிப்ஸோ கேமராதான் 1963-ல் நிக்கான் நிறுவனத்தின் வழியாக இந்தப் பெயரில் வந்தது. அதற்குத் தனி உறை கிடையாது. அப்படியே 50 மீட்டர் வரை இறங்கலாம். இன்று பலரிடமும் இருக்கும் ஒலிம்பஸ் டிஜி-6, அதன் வாரிசான டிஜி-7 ஆகியவற்றுக்கு உறையில்லாமல் 15 மீட்டர்தான் எல்லை. ஸ்கூபாவில் முதல் சான்றிதழ் வாங்கியவரே 18 மீட்டர் வரை போகலாம். ஆகவே ‘வாட்டர்புரூஃப்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பிக் கடலில் குதிக்கக் கூடாது. ஹவுசிங் எனப்படும் தனி உறையைச் சேர்த்தால் 45 மீட்டர் வரை கவலையில்லை.

நிக்கோனாஸில் ஒரு ரோலுக்கு 36 படம். நீருக்குள் ரோல் மாற்ற முடியாது. ஃபோகஸ் சரியா என்று வியூஃபைண்டர் சொல்லாது. தூரத்தைக் கண்ணால் அளந்து லென்ஸில் திருப்ப வேண்டும். ஒளிவிலகலால் தண்ணீரில் எல்லாம் கால் பங்கு கிட்டத்தில் தெரியும். லென்ஸுக்கும் அப்படித்தான் தெரியும் என்பதால், கண்ணுக்குப் பட்ட தூரத்தை வைத்தாலே போதும். மிக நெருங்கி எடுக்க, லென்ஸின் முன்னால் ஒரு கம்பிச் சட்டத்தை மாட்டுவார்கள். அந்தச் சட்டத்துக்குள் பொருள் வந்தால் படம் தெளிவு. ஓடில்லாத கடல் நத்தை பொறுமையாக இருக்கும், மீன் இருக்குமா? என்ன விழுந்தது என்பது ரோலைக் கழுவிய பிறகே தெரியும்.

டிஜி கேமராவோ லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டரில் ஃபோகஸ் செய்கிறது, படத்தை அங்கேயே காட்டுகிறது, பிடிக்காவிட்டால் அழிக்கலாம். வசதிதான். ஆனால் அந்த வசதியில் ஒரு நல்ல பழக்கம் போய்விட்டது: கிட்டே போவது. தூரத்தில் நின்று ஜூம் செய்தால் இடையிலுள்ள தண்ணீரையும் சேர்த்துத்தான் படமெடுக்கிறோம். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடுகிறது. ஒயிட் பேலன்ஸ் ஓரளவுக்குத்தான் அதை மீட்கும். கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால், மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும். அதனால், கையில் இருக்கும் பணத்தில் விலை கூடிய கேமராவுக்குப் போவதைவிட, நடுத்தரக் கேமரா ஒன்றும் கை நீட்டிப் பக்கவாட்டில் பிடிக்கும் ஸ்ட்ரோப் என்னும் தனி ஃபிளாஷ் ஒன்றும் வாங்குவதே மேல்.

நிக்கோனாஸ் உற்பத்தி 2001-ல் நின்றது. அதைக் காத்த ஓ-ரிங் மட்டும் இன்றைய ஹவுசிங்கிலும் அப்படியே இருக்கிறது. கதவுக்கும் உடம்புக்கும் நடுவே நசுங்கி நின்று கடலைத் தடுப்பது இந்த ரப்பர் வளையம்தான். அதில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துணுக்கு போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். ஆழத்தில் அழுத்தமே கதவை இறுக்குவதால், கசிவு பெரும்பாலும் முதல் சில மீட்டரிலேயே தொடங்கும். ஊசியோ கத்தியோ வைத்து வளையத்தை நெம்பக் கூடாது. பழைய ஏடிஎம் கார்டின் முனை போதும். விரலுக்கு நடுவே மெல்ல ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பிய மணல் தோலுக்குத் தட்டுப்படும். பள்ளத்தைப் பஞ்சில்லாத துணியால் துடையுங்கள். கிரீஸ் பளபளப்பு வரும் அளவுக்குத்தான். அள்ளிப் பூசினால் அதுவே தூசியைப் பிடித்து வைக்கும். சிலிகோன் ரப்பருக்கு எல்லாச் சிலிகோன் கிரீஸும் ஒத்துவராது, சிலவற்றால் வளையம் ஊதிப்போகும். உற்பத்தியாளர் கொடுத்ததையே பூசுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொரு தொல்லை. ஈரக்காற்றோடு ஹவுசிங்கை மூடினால், கடலின் குளிர்ச்சியில் கண்ணாடிக்குள் பனி படியும். ஏசி அறையில், உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்றை வைத்து, முந்தின இரவே மூடிவிடுங்கள்.

மேலே வந்ததும் திறக்கும் ஆசை வரும். வேண்டாம். நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, ஒவ்வொரு பொத்தானையும் நீருக்குள்ளேயே பலமுறை அழுத்துங்கள். உப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். டைவ் சென்டரின் பொதுத் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், பத்துப் பேர் கேமரா அதில் இடித்துக்கொண்டு கிடக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே கதவைத் திறங்கள்.

ஹவுசிங் வாங்கும் அன்றே அதே மாடலுக்குரிய ஓ-ரிங் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். மாடல் நின்றுபோனால் அது கிடைப்பது கஷ்டம்.