மாப்பிள்ளைக்கு ஒரு கேள்வி, வேட்பாளருக்கு வேறு கேள்வி

பனமரத்துப்பட்டிப் பக்கம் பெண் கொடுக்கப் பேசினால், ஜாதகத்துக்கு முன்னாலேயே விசாரித்துவிடுவார்கள்: பையன் தண்ணி போடுவானா? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அதை யாரும் கேட்பதில்லை. அவரிடம் பெண்கள் கேட்பது, “கடையை எப்ப மூடுவீங்க?” என்பதுதான்.

சேலத்துக்கு இது பழைய விவகாரம். இங்கே வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவரும் ஆன ராஜாஜி, மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட, 1939-ல் விற்பனை வரி வந்தது. காலம் திரும்பியது, 2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது.

சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள், மதுக்கடையை அகற்றக் கோரி 2015 ஜூலை 31-ல் குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரம் ஏறிப் போராடியபோது இறந்தார். அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் பா.ம.க.வும் தி.மு.க.வும் முழு மதுவிலக்கு என்றன. ஜெயலலிதா மட்டும் ‘படிப்படியாக’ என்றார். சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அ.தி.மு.க.வுக்குப் போயின. இந்தக் கோரிக்கையைப் பல ஆண்டுகளாகப் பேசிவந்த பா.ம.க.வுக்கு மாநிலத்தில் ஓர் இடமும் இல்லை. எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாக்குறுதியைத் தரும்போது, ஆட்சிக்கு வரப்போவது யார், சொன்னதைச் செய்வது யார், நம் கட்சி எது என்ற பழைய கணக்குகள்தான் முன்னுக்கு வருகின்றன. ஜெயலலிதா பதவியேற்றதும் 500 கடைகள் மூடப்பட்டன. மற்றவை வழக்கம்போல நடந்தன.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலும் இப்படியொரு கணக்கு உண்டு. அங்கே மிகப் பெரிய சமயப் பிரிவினரான மோர்மன் கிறிஸ்தவர்களுக்கு மது, புகையிலை மட்டுமல்ல, டீ, காபியும் விலக்கு. ஆனால், அமெரிக்க மதுவிலக்கை முடித்துவைத்த 36-வது மாநிலமாக 1933 டிசம்பர் 5-ல் கைதூக்கியதும் யூட்டாதான். திருச்சபைத் தலைவர் ஹீபர் கிராண்ட் எதிர்த்தும் நடந்தது அது. 2012 அதிபர் தேர்தலில் மோர்மனான மிட் ராம்னிக்கு அந்த மாநிலம் சுமார் 73 சதவீத ஓட்டுப் போட்டது. 2016-ல் அதே குடியரசுக் கட்சியின் டிரம்புக்குக் கிடைத்தது சுமார் 45. அவர் பேச்சும் நடத்தையும் பிடிக்காத பலர், மோர்மனான சுயேச்சை வேட்பாளர் இவான் மெக்முல்லினிடம் போனார்கள்; அவருக்கு 21 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனாலும் ஜெயித்தது டிரம்ப்தான்.

ஆக, ஒழுக்கம் ஓட்டைக் குறைக்கும். அதனாலேயே ஆளை வீழ்த்திவிடாது. ஆனாலும் அதற்கு வேறொரு வலு இருக்கிறது. ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடி வருமானம் தரும் டாஸ்மாக்கைத் தன் சாதனையாகச் சொல்லி ஓட்டுக் கேட்க இங்கே எந்தப் பெரிய கட்சிக்கும் துணிச்சல் வரவில்லை. கள்ளுக்கு அனுமதி கேட்கிறவர்கள்கூட டாஸ்மாக்கைத் திட்டித்தான் கேட்கிறார்கள். கடையைத் திறந்து வைக்கிற கட்சியும் மூடுவதைப் பற்றியே மேடையில் பேசவேண்டியிருப்பதற்கு, அந்தப் பெண்களின் கேள்விதான் காரணம்.