பிஸ்கட் தகரத்துக்குள் ஒரு பெயர்: ஒரே கணினியில் இரண்டு தொகுப்பான்கள்

நற்பிட்டிமுனையில் அயல்வீட்டு அம்மா ஒருவர் பிஸ்கட் தகரம் நிறையப் பத்திரிகை நறுக்குகளைத் தந்தார். எல்லாம் யுத்தகாலச் செய்திகளும் பெயர்ப் பட்டியல்களும். "இதுக்குள்ள என்ட தம்பிட பேர் இருக்கா எண்டு பாருங்க மகன்" என்றார். அவருக்கு இப்போது கண்பார்வை குறைவு.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். ஆனால் படத்துக்குள் பெயரைத் தேட முடியாது. படத்தை எழுத்தாக மாற்றும் இலவச மென்பொருள் டெசராக்ட். எனது பழைய மடிக்கணினியில் இருப்பது உபுண்டு 16.04. அதனுடன் கிடைக்கும் டெசராக்ட் 3.04 தமிழைச் சிதைத்தே வாசித்தது. நரம்பியல் வலையமைப்பு முறை 2018இல் வெளியான 4ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. 2021 நவம்பரில் வந்த 5ஆம் பதிப்பை மூலநிரலிலிருந்து நானே கட்டத் தொடங்கினேன்.

வேலை பாதியில் நின்றது. காரணம் தொகுப்பான். மனிதர் எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றுவது இதுதான். டெசராக்ட் 5க்கு, சி பிளஸ் பிளஸ் மொழியின் 2017ஆம் ஆண்டு நியமத்தை அறிந்த தொகுப்பான் தேவை. உபுண்டு 16.04இல் உள்ள ஜி.சி.சி. 5 அதை முழுமையாக அறியாது.

இங்கே பழையதை அழித்துவிட்டுப் புதியதை நிறுவத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். கணினியிலுள்ள வேறு மென்பொருள்களும் சில சாதனங்களின் செலுத்திகளும் பழையதை நம்பியிருக்கலாம். ஜி.சி.சி. பதிப்புகள் மோதாமல் அருகருகே இருக்கும். கட்டளைப் பெயரின் இறுதியில் வரும் எண்தான் வித்தியாசம்.

நான் செய்தது இதுதான். முதலில், 5ஐத் தொடாமல் ஜி.சி.சி. 9ஐ நிறுவினேன். அடுத்து, முழுக் கணினிக்கும் அதை மாற்றாமல், கட்டளைச் சாளரத்தில் 'சிசி', 'சிஎக்ஸ்எக்ஸ்' என்ற இரு மாறிகளுக்கு மட்டும் புதிய தொகுப்பானின் பெயரைக் கொடுத்தேன். சாளரத்தை மூடினால் பழையபடி 5தான். பிறகு, பாதியில் நின்ற கோப்புகளை அழித்து, புதிய கோப்புறையில் தொடங்கினேன். பழைய அமைப்பு விவரம் மிஞ்சியிருந்தால் மீண்டும் பழைய தொகுப்பானே அழைக்கப்படும். டெசராக்டுக்குத் தேவையான லெப்டோனிகா நிரலகமும் பழையதாக இருந்ததால், முதலில் அதைக் கட்டவேண்டியிருந்தது.

முழுப் பெயரைத் தேடியபோது ஒன்றும் வரவில்லை. பெயரின் பாதியை மட்டும் தேடினேன். வந்தது, மென்பொருள் 'ன'வை 'ள' என்று வாசித்திருந்தது. ஆகவே தேடலில் கிடைக்காத பெயரை உடனே 'இல்லை' என்று எவரிடமும் சொல்லிவிடாதீர்கள். மூலப் படத்தைக் கண்ணால் பாருங்கள்.

அந்த வரியைப் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுத்தேன். அம்மா அதைத் தகரத்தில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.